கோஜி பெர்ரியை அம்மாவுக்குக் கொடுக்கலாமா?

பெரம்பூர்வாசி:
சவுகார்பேட்டைக்கு முந்திரி, திராட்சை வாங்கப் போன சித்தி கூடவே ஒரு பாக்கெட் கோஜி பெர்ரியும் வாங்கி வந்துவிட்டார். பாக்கெட்டில் பனிமலைப் படம், பக்கத்தில் 'இமயமலை அமுதம்' என்று பெரிய எழுத்து. கண்ணுக்கு நல்லது, சர்க்கரை இறங்கும், வயசே தெரியாது என்று கடைக்காரர் அடுக்கினாராம். சுருங்கிப்போன குட்டி மிளகாய் வத்தல் மாதிரி இருக்கிறது, மென்றால் முதலில் இனிப்பு, கடைசியில் லேசாகக் கசப்பு, பல்லில் பொடிப்பொடியாக விதை. அம்மாவுக்கு 64 வயது, இதய வால்வு மாற்றியதிலிருந்து, ரத்தம் கட்டாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். மூன்று நாளாகத் தினமும் ஒரு கைப்பிடி தருகிறோம். தொடரலாமா?

அடையாறு_நித்யா:
இன்றே நிறுத்துங்கள். வார்ஃபரின் எடுப்பவர்கள் கோஜி சாறோ டீயோ குடித்து ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் அளவு) எகிறி ரத்தக்கசிவு வரை போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. டாக்டருக்கு போன் போட்டு, மூன்று நாள் கொடுத்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.

பழைய_மாம்பலம்:
இமயமலைக்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை, அது வியாபாரத்துக்காகச் சேர்த்த மலை. பேர்போன விளைச்சல் வடமேற்குச் சீனாவில் நிங்சியா, அதிலும் ஜோங்னிங் வட்டாரம். அங்கே இதற்கு கோச்சி என்று பெயர், கஞ்சியிலும் சூப்பிலும் சும்மா போடுகிற சரக்கு. இதைத் தின்றே 256 வயது வாழ்ந்ததாகச் சொல்லப்படும் லி சிங் யுவன் கதையும் வரும். அவர் இறந்தது 1933-ல், பிறந்தது எப்போது என்பதில்தான் கதையே இருக்கிறது!

கண் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் சரக்கு உண்டு. விழித்திரையின் நடுப்பகுதியில் இருக்கும் ஸியாசாந்தின் என்ற மஞ்சள் நிறமி இதில் நிறைய. கலிபோர்னியாவில் 45 முதல் 65 வயதுள்ள 27 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது, அதில் கோஜி சாப்பிட்டவர்கள் வெறும் 13 பேர். 28 கிராம் வீதம் வாரம் 5 நாள், 90 நாள் தின்றதில் அந்த நிறமி கூடியது. அவ்வளவுதான், கண்ணாடியைக் கழற்றிப் போட்டதாக யாரும் சொல்லவில்லை. சர்க்கரை இறங்கும் என்பதையும் நம்பிவிடாதீர்கள், உலர்ந்த பழம், அதிலேயே சர்க்கரை ஏகப்பட்டது.

மணத்தக்காளி_ரசிகை:
இது கத்தரி, தக்காளி, மிளகாய்க் குடும்பத்துச் செடி என்பது பலருக்குத் தெரியாது. நம்ம மணத்தக்காளிக்கே சொந்தக்காரன். காசு கொடுத்து வாங்கியாச்சு, சித்தியே பாயசத்தில் போட்டுச் சாப்பிடட்டும். ஆனால் அவருக்கும் பிபி, சுகர் மாத்திரை இருந்தால் கேட்டுக்கொண்டுதான்.

பெரம்பூர்வாசி:
நன்றி நித்யா. டாக்டர் உடனே நிறுத்தச் சொல்லி, அடுத்த வாரம் எடுக்க வேண்டிய ஐ.என்.ஆர். டெஸ்ட்டை நாளைக்கே எடுக்கச் சொல்லிவிட்டார். சித்திக்குத்தான் முகம் வாடிவிட்டது. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன், பனிமலைக்குப் பின்பக்கம் எறும்பு சைஸ் எழுத்தில் 'தயாரிப்பு நாடு: சீனா'.