மணிக்கட்டு ஆல்டிமீட்டர் கழன்றுவிடாமல் கட்டுவது எப்படி?

உப்பளம்வாசி:

அனைவருக்கும் வணக்கம். வான்குதிப்புப் பயிற்சிக்காக அடுத்த மாதம் ஹரியானாவின் நார்னௌலுக்குச் செல்ல இருக்கிறேன். பிரான்சில் குடியேறிவிட்ட என் பெரியம்மா மகன், தாம் நெடுநாள் பயன்படுத்திய முள் ஆல்டிமீட்டரை (காற்றழுத்தத்தைக் கொண்டு உயரம் காட்டும் கருவி) எனக்குக் கொடுத்திருக்கிறார். கருவியில் குறையில்லை, வெல்க்ரோ பட்டைதான் பிடிப்பை இழந்துவிட்டது. என் மணிக்கட்டு ஒல்லியானது என்பதால், எவ்வளவு இறுக்கினாலும் கையை உதறியதும் முகப்பு உள்ளங்கைப் பக்கம் திரும்பிவிடுகிறது. பை தைக்கும் கடையில் புதுப் பட்டை தைத்துக்கொள்வதா, மேலே பிளாஸ்திரி சுற்றுவதா, அல்லது ஒரு கயிற்றால் கையோடு பிணைத்துவிடுவதா என்று அனுபவம் உள்ளவர்கள் கூற வேண்டுகிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்கின் பின்னால் அமர்ந்து கையை நீட்டிச் சோதிக்கலாம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார்.

தேங்காய்த்திட்டு:

முதலில் பட்டையை வெயிலில் பிடித்துப் பாருங்கள். வெல்க்ரோவின் கொக்கிப் பக்கத்தில் நூல் பிசிறும் தலைமுடியும் அடைத்திருந்தால், ஊசி முனையால் கிளறிப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் பாதிப் பிடிப்பு திரும்பிவிடும். ஆனால் மறுபக்கத்தின் மென்மையான வளையங்கள் அறுந்து, பஞ்சு எழும்பி நின்றால் அதற்கு வைத்தியம் கிடையாது. இரண்டு பக்கங்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். நம் ஊரின் வியர்வையும் உப்புக்காற்றும் இதை விரைவில் கெடுப்பதால், பட்டையை அவ்வப்போது வெறும் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துவது நல்லது.

புதிதாகத் தைப்பதானால் பருத்தி நூல் வேண்டாம், பாலியஸ்டர் அல்லது நைலான் நூலால் சதுரமாகத் தைத்து அதன் நடுவே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு ஓட்டச் சொல்லுங்கள். பசை வைத்து ஒட்டுவதாகச் சொன்னால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள். கொக்கிப் பகுதி முழுவதும் மூடப்படும்படி நீளத்தை உங்கள் கைக்கே அளந்து வெட்டச் சொல்வதும் முக்கியம். வெளியே தெரியும் கொக்கி சட்டைக் கையைப் பற்றிக்கொள்ளும், மிஞ்சி நிற்கும் நுனி காற்றில் படபடத்து மெல்ல மெல்லப் பட்டையையே உரித்துவிடும். நுனியை ஒரு ரப்பர் வளையத்துக்குள் செருகி வைப்பது எளிய வழி.

பைக் யோசனையைக் கைவிடுங்கள். வயிறு கீழாக விழும்போது வேகம் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், 60 கிலோமீட்டரில் கிடைக்கும் விசையைப் போல அது பத்து மடங்கு. பைக்கில் தாங்கியது வானத்தில் தாங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மஞ்சக்குப்பம்:

மேலே சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் கழன்று போவதைவிடத் திரும்பிவிடுவதுதான் அடிக்கடி நிகழும் தொல்லை. வலக்கை பாராசூட்டைத் திறக்க வேண்டியிருப்பதால் ஆல்டிமீட்டரைப் பெரும்பாலோர் இடக்கையில் அணிவார்கள். அது உள்பக்கம் திரும்பிவிட்டால் பார்ப்பதற்காகக் கையை முறுக்க நேரும், ஒரு கை மட்டும் நிலை மாறியதும் உடலே சுழலத் தொடங்கும். முகப்பு புறங்கைப் பக்கம் இருந்து, கண்ணை மட்டும் திருப்பினால் முள் தெரிய வேண்டும்.

இதற்குப் புதுச்சேரியிலேயே வழி இருக்கிறது. ஸ்கூபா பயிற்சி தருபவர்களிடம் கிழிந்த நீச்சலுடையின் நியோப்ரீன் (நுரை ரப்பர்) துண்டைக் கேட்டு வாங்கி, மணிக்கட்டுக்கும் கருவிக்கும் இடையே வையுங்கள். ஈரத் தோலிலும் அது வழுக்காது. அதனுள் நுண்ணிய காற்றுக் குமிழிகள் இருப்பதால், காற்றழுத்தம் தரையில் இருப்பதில் ஏறத்தாழ அறுபது சதவீதமாகக் குறையும் 4,000 மீட்டர் உயரத்தில் துண்டு சற்றே உப்பும். ஆகவே பட்டை தளராது, இறுகவே செய்யும். அதற்காகத் தடிமனான துண்டு வேண்டாம், விரல் மரத்துப் போகும்.

பிளாஸ்திரி சுற்றுவதாக இருந்தால் உறையில் எங்கே துளை இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சுற்றுங்கள். வெளிக்காற்றின் அழுத்தம் உள்ளே செல்லும் அந்த வழியை அடைத்தால் முள் பின்தங்கிக் காட்டும், அது கருவியே இல்லாததைவிட ஆபத்து.

பிரான்சிலிருந்து வந்த கருவி என்பதால் இன்னொன்றும் கேட்கிறேன்: முகப்பு மீட்டரில் இருக்கிறதா, அடியில் இருக்கிறதா? பயிற்றுநர் 5,000 அடி என்பது உங்கள் முள்ளில் 1,500 மீட்டரை ஒட்டி இருக்கும். மீட்டர் முகப்பு என்றால் பயிற்சிக் காலம் முழுவதும் அவர்கள் தரும் அடிக் கருவியையே அணியுங்கள். பட்டை வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கோரிமேடு:

கயிற்றைப் பற்றி யாரும் சொல்லவில்லை. தயவுசெய்து கட்ட வேண்டாம். கழன்ற கருவி கயிற்றில் தொங்கினால் முகத்தில் அடிக்கும், விரியும் பாராசூட்டின் கயிறுகளில் அந்த வளையம் மாட்டவும் கூடும். அதிலும் மீன்பிடி வலைக்கான நைலான் கயிறு அறவே ஆகாது, அது அறுந்து வழிவிடாது. கருவி போனால் போகட்டும். உயரம் தெரியாத நிலையில் பாராசூட்டை உடனே திறந்துவிடுவதே எல்லா இடங்களிலும் கற்பிக்கப்படும் விதி.

உப்பளம்வாசி:

மிக்க நன்றி. இப்போதுதான் பார்த்தேன், முகப்பு மீட்டரில்தான் இருக்கிறது. எனவே பயிற்சியில் அவர்கள் தருவதையே அணிகிறேன். அதையும் கட்டத்தானே வேண்டும்: கையுறையின் மேலா, அடியிலா?

தேங்காய்த்திட்டு:

கையுறையை அணிந்த பின், அதன் விளிம்பின் மேலேயே கட்டுங்கள். வெறுங்கைக்கு அளவு பார்த்துவிட்டுப் பிறகு கையுறை அணிந்தால் வெல்க்ரோ முழுதாகப் பொருந்தாது. விமானத்தில் ஏறுமுன் பயிற்றுநரிடம் கையை நீட்டி இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முள் சுழியத்தில் நிற்கிறதா என்பதையும் அவர் அப்போதே பார்த்துவிடுவார்.