பிசினஸ் ஸ்கூலில் வாய் திறந்தால்தான் மார்க்

வெளிநாட்டில் பெரிய பல்கலைக்கழகத்தின் பிசினஸ் ஸ்கூலில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு: விசா, வீடு பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் வகுப்பறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நம்மில் பலர் பரீட்சையில் புலி. வகுப்பில் வாய் திறக்க மாட்டோம். அடி விழுவது அங்கேதான். சிலபஸ் கைக்கு வந்ததும் மதிப்பெண் எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள். ‘கிளாஸ் பார்ட்டிசிபேஷன்’ என்ற வரி பெரும்பாலும் இருக்கும். கேஸ் ஸ்டடி முறைக்கு, அதாவது ஒரு கம்பெனி சந்தித்த சிக்கலைப் படித்துவிட்டு வந்து வகுப்பில் விவாதிப்பதற்கு, பேர்போன ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலில் ஒரு செக்‌ஷனுக்கு சுமார் 90 பேர்; வகுப்பில் பேசுவதற்கே பாதி மார்க் வரை போகும் பாடங்கள் உண்டு. எல்லா இடத்திலும் அவ்வளவு இருக்காது, ஆனாலும் சும்மா உட்கார்ந்திருந்தால் கிரேடு இறங்கும்.

கேஸை முதல் வரியிலிருந்து கதைபோல் படிக்காதீர்கள். முதல் பக்கமும் கடைசிப் பத்தியும் முதலில். யார், என்ன முடிவெடுக்க வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம் பின்னால் உள்ள அட்டவணைகள். ஏதாவது ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். உதாரணமாக, ஒரு பொருளின் விலை 100, ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவு 60. விலையை 10 சதவீதம் குறைக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார். ஒன்றுக்கு 40 மிஞ்சியது 30 ஆகிவிடும். பழைய லாபம் வர வேண்டுமென்றால் விற்பனை மூன்றில் ஒரு பங்கு கூட வேண்டும். ‘அவ்வளவு விற்குமா?’ என்று கேட்டுப் பாருங்கள், விவாதமே திசை மாறும். இதற்கு ஆங்கிலப் புலமை வேண்டாம். உச்சரிப்புக்கு யாரும் மார்க் குறைப்பதும் இல்லை.

முடிவு, இரண்டு காரணம், ஒரு எண். இவ்வளவையும் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். ஆசிரியர் திடீரென்று பெயரைச் சொல்லி எழுப்பினாலும் உளற வேண்டியதில்லை. கூடுமானவரை முதல் கால் மணி நேரத்திலேயே பேசிவிடுங்கள். தாமதித்தால் நீங்கள் நினைத்ததை வேறொருவர் சொல்லிவிடுவார். மேசைமேல் வைக்கும் பெயர் அட்டையில் உங்களைக் கூப்பிட வேண்டிய பெயரை எழுதுங்கள். இல்லாவிட்டால் பதிவேட்டைப் பார்த்து வருஷம் முழுக்க உங்கள் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள்!

குரூப் வேலையில் நம்மவர்கள் மட்டும் கூடிக்கொள்வது சௌகரியம்தான், எனக்கு அதில் உடன்பாடில்லை. வேறு நாட்டவரோடு வேலை செய்யத்தானே இவ்வளவு தூரம் வந்தோம். யார் எந்தப் பகுதி, எந்தத் தேதிக்குள் என்பதை முதல் சந்திப்பிலேயே மெயிலில் போட்டுவிடுங்கள். பல இடங்களில் குழுவினரே ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடுவார்கள்.

வேலை விஷயம்: படிப்பு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரண்டு வருட எம்பிஏவில் கோடைக்கால இன்டர்ன்ஷிப்புக்கான ஆள்தேர்வு முதல் வருடத்திலேயே நடக்கும். ஓராண்டுப் படிப்பென்றால் இன்னும் அவசரம். முதல் மாதமே, வேலை தேட உதவும் கேரியர் ஆபீஸுக்குப் போய், வெளிநாட்டு மாணவர்களுக்கு விசா ஸ்பான்சர் செய்யும் கம்பெனிகள் எவை என்று கேளுங்கள். ரெஸ்யூமேயைத் திருத்துவதெல்லாம் அதற்குப் பிறகு.