ரம் பீப்பாயில் ஊறிய புகை விஸ்கி, முத்தியால்பேட்டை மொட்டை மாடியில்

பீட் என்ற கரிமண்ணின் புகை ஏறிய விஸ்கி என்றாலே நம்ம ஆட்கள் சொல்வது, "ஒரே ஆஸ்பத்திரி வாடை, ஒரு மடக்கோடு வைத்துவிட்டேன்". அப்படி வைத்துவிட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தை மாதம் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் சித்தப்பா மகன் வீட்டு மொட்டை மாடியில் கிளென்ஃபிடிக் 'ஃபயர் அண்ட் கேன்' குடித்தேன். துபாயிலிருந்து வரும்போது அவன் வாங்கி வந்தது.

சரக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கிளென்ஃபிடிக் இருப்பது ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடு பகுதியில், அங்கே பெரும்பாலும் புகை இல்லாத விஸ்கிதான். 2003 வாக்கில் இவர்கள் பீட் புகை காட்டிய மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காய வைத்த பார்லியை, வைத்தும் காய்ச்சினார்கள். அந்த விஸ்கியை பர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாயில் முதிர்ந்த மால்ட் விஸ்கியோடு சேர்த்து, கடைசி மூன்று மாதம் தென் அமெரிக்க ரம் இருந்த பீப்பாய்களில் ஊற வைத்து 2018-இல் வெளியிட்டதுதான் இது. ஆல்கஹால் 43 சதவீதம்.

பீட் என்பது சதுப்பு நிலத்தில் செடி கொடி பாசியெல்லாம் ஆயிரக்கணக்கான வருஷம் மக்கி இறுகிய கரிமண். முளைகட்டிய பார்லியைக் காய வைக்க அதை எரிக்கும்போது புகையில் உள்ள ஃபீனால்கள் என்ற வாசனை வேதிப்பொருள்கள் தானியத்தின் உமியில் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றில் மருந்து வாடை அடிப்பது கிரெசால் போன்றவற்றால், விறகுப் புகை மணம் குவாயகாலால். ஆஸ்பத்திரி என்று சொல்பவர்கள் மூக்கு தப்பில்லை, பழைய கிருமிநாசினிகளில் இருந்ததும் இதே குடும்பத்துச் சரக்குதான்.

வாய் குறுகிய கிளாஸில் கொஞ்சமாக ஊற்றி, ஐஸ் போடாமல் அஞ்சு நிமிஷம் அப்படியே வைத்திருந்தோம். அப்புறம் மூக்குக்குக் கொண்டு போனதும் எனக்கு வந்தது வெல்லம் காய்ச்சுகிற கொட்டகை. நான் நெல்லிக்குப்பம் பக்கம், 1842-லிருந்து சர்க்கரை ஆலை இருக்கிற ஊர், கரும்பு லாரிக்குப் பின்னாலேயே சைக்கிள் ஓட்டி வளர்ந்தவன். காய்ந்த கரும்புச் சக்கையை அடுப்பில் தள்ளித் தள்ளி எரிப்பார்கள், மேலே கொப்பரையில் பாகு முறுகும், அந்தப் புகையும் பாகும் ஒன்றாகக் கலந்து வருமே, அச்சு அசலாக அதே வாசனை. மருந்து வாடை தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. ரம் என்பதே கரும்புச் சாற்றிலும் வெல்லப்பாகுக் கழிவிலும் பிறப்பதுதானே, பீப்பாய்க் கட்டையில் மிச்சமிருந்த அந்த இனிப்பு புகையின் முரட்டுத்தனத்தைத் தணித்துவிட்டது.

நாக்கில் முதலில் ஆப்பிள் மாதிரி ஒரு புளிப்பினிப்பு, உடனே கருகிய சர்க்கரை, விழுங்கின பிறகுதான் புகை மேலே வருகிறது. குறை என்றால் புகை சீக்கிரம் அடங்கிவிடுகிறது. 46 சதவீதத்தில் அடைத்திருந்தால் இன்னும் நின்றிருக்கும் என்பது என் எண்ணம்.

தண்ணீர் விடலாமா என்று கேட்பவர்களுக்கு: சில சொட்டு விடுங்கள், தாராளமாக. ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் கணினியில் போட்டுப் பார்த்துச் சொன்னது, நீர் சேரும்போது குவாயகால் திரவத்தின் மேல்பரப்புக்கு வருகிறது, அதனால் மணம் கூடும் என்று. எங்களுக்கும் ஸ்பூன் நுனியால் சொட்டு விட்டதும் புகை நன்றாகத் தூக்கியது. சோடா ஊற்றினால் இந்த நுணுக்கமெல்லாம் போய்விடும், அதற்கு இவ்வளவு விலை கொடுக்கவே வேண்டாம். தொட்டுக்கொள்ள மசாலா வறுவலும் வேண்டாம், காரம் நாக்கை மரத்துப்போக வைத்துவிடும். உப்பு போடாத பண்ருட்டி முந்திரியை லேசாக வறுத்து வைத்திருந்தான், அது பிரமாதமாகச் சேர்ந்தது.

விசித்திரப் பீப்பாய் என்றாலே விளம்பரத்துக்குத்தான் என்று சிலர் ஒதுக்குகிறார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ரம், ஷெர்ரி (ஸ்பெயின் நாட்டு ஒயின்) பீப்பாயெல்லாம் ஸ்காட்லாந்தில் பழைய வழக்கம்; 2019-இல் ஸ்காட்ச் விஸ்கிக்கான பீப்பாய் விதியைத் தளர்த்திய பிறகு டெக்கீலா, மெஸ்கால் என்ற மெக்சிகோ சரக்குகளின் பீப்பாய்க்கும் வழி கிடைத்தது. நம்ம பெங்களூர் அம்ருத் ஷெர்ரி பீப்பாயில் ஆரஞ்சுத் தோலை ஊறப்போட்டு, அந்தப் பீப்பாயில் 'நாரங்கி' விஸ்கி செய்தார்கள். ஊற வைக்கும் காலத்தை அளவாக வைத்தால் பீப்பாய் புகைக்குத் துணை நிற்கும், கூடிப்போனால் புகையையே மூடிவிடும். ஃபயர் அண்ட் கேனில் அந்த அளவு சரியாக அமைந்திருக்கிறது.

மீதியை அவன் வீட்டு அலமாரியிலேயே வைத்துவிட்டு நான் கடலூர் பஸ் பிடித்தேன். ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் பை பார்ப்பார்கள், புதுச்சேரிச் சரக்கோடு மாட்டினால் வழக்குதான், யாரும் அந்த வேலை வேண்டாம். ஹரியானா இந்திரி விஸ்கியின் 2023 தீபாவளிப் பதிப்பும் பீட் வகை, பி.எக்ஸ். என்ற இனிப்பு ஷெர்ரி இருந்த பீப்பாயில் முடித்தது. அதைக் குடித்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், அந்த ஷெர்ரி இனிப்பில் புகை தாக்குப்பிடிக்கிறதா என்று தெரிய வேண்டும்.