புஹர்ட் வாள்: அலங்கார வாளை மழுக்கினால் போதுமா?

கேள்வி: புஹர்ட் சண்டைக்கு (இரும்புக் கவசம் போட்டு, மழுங்கின ஆயுதங்களால் நிஜமாவே மோதுற இடைக்காலப் பாணி விளையாட்டு) ஒற்றைக் கை வாள் வேணும். அலங்காரத்துக்கு விற்கிற ஸ்டெயின்லெஸ் வாளை மழுக்கிக்கலாமா?

மறுமொழி 1: வேண்டவே வேண்டாம். அதில் கைப்பிடிக்குள் போகும் வால் பெரும்பாலும் ஒல்லிக் கம்பி, அலகோடு பற்றவைத்தது. ஹெல்மெட்டில் நாலு அடி விழுந்தால் அந்த இடத்தில் ஒடிந்து அலகு பறக்கும். 65ஜி மாதிரி ஸ்பிரிங் ஸ்டீல் (வளைந்தாலும் நிமிரும் எஃகு) பாருங்க, கடினத்தைச் சொல்லும் ராக்வெல் சி அளவில் 50 பக்கம். ரொம்பக் கடினமானால் விளிம்பு சில்லு சில்லாய்ப் பெயரும். மென்மையானால் வளைந்தது வளைந்தபடியே நிற்கும். விளிம்பு குறைந்தது 2 மி.மீ., முனை உருண்டை. குத்த அனுமதி கிடையாது, ஆனாலும் தவறி ஹெல்மெட் பிளவில் நுழையலாமே.

மறுமொழி 2: வாலும் அலகும் சேரும் உள்மூலையைக் கேளுங்க. வளைவாக இருக்கணும். செங்கோணமாய் வெட்டியிருந்தால் விரிசல் அங்கேதான் தொடங்கும். கைப்பிடிக்கு மேலே குறுக்காக இருக்கும் காப்பு மறைத்துவிடுவதால் கண்ணுக்கே தெரியாது.

கேள்வி கேட்டவர்: சரியா 2 மி.மீ. வாங்கினா போதுமா?

மறுமொழி 1: 3 வாங்குங்க. அடிபட்ட இடத்தில் பிசிறு எழும்பும், ரம்பம் மாதிரி கையுறைத் தோலைக் கிழிக்கும். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் தட்டை அரத்தால் நீளவாக்கில் தேய்த்து, 120 எண் எமரித் தாளால் (உப்புத்தாள் மாதிரி) முடிக்கணும். தேய்க்கத் தேய்க்க மெலியும், அதனால் காலிபர் வைத்து அளங்க. கிரைண்டர் போட்டால் விளிம்பு சூடாகி நீலமாகலாம். ரொம்பச் சூடானால் அந்த இடத்தில் எஃகின் பதம் (சூடுபடுத்தி ஏற்றிய கடினம்) கெட்டுப்போகும்.