2011 எம்எல் 350 சிடிஐ, டெல்லி வண்டி: நெல்லைல வச்சு ஓட்ட முடியுமா?

பாளைக்காரன்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். எங்க சித்தப்பா துபாய்ல இருந்து ஊருக்கே வந்துட்டாவ, அவங்களுக்கு ரொம்ப நாளா பென்ஸ் எஸ்யூவி மேல ஆசை. புரோக்கர் ஒருத்தர் 2011 எம்எல் 350 சிடிஐ காட்டுதாரு, டெல்லி ரிஜிஸ்ட்ரேஷன், மீட்டர்ல 92 ஆயிரம், ஒன்பதரை லட்சம் சொல்லுதாரு. வண்ணாரப்பேட்டைல நிக்கி, நாலுவழிச்சாலைல ஒரு ரவுண்டு போய்ட்டு வந்தோம், சும்மா சொல்லக்கூடாது, அந்த அமைதியும் இழுவையும் வேற வண்டில பாத்ததில்ல. ஆனா எனக்கு பயமா இருக்கு. வாரா வாரம் திசையன்விளை, சீசனுக்கு குற்றாலம், எப்பவாவது சென்னை, இதான் ஓட்டம். என்னென்ன சாமான் போவும், வருஷத்துக்கு கைல எவ்ளோ வச்சிக்கிடணும், நம்ம ஊர்ல ஆள் உண்டுமா? சித்தப்பா அட்வான்ஸ் குடுக்க துடிக்காவ, சீக்கிரம் சொல்லுங்க.

வல்லியூர் டீசல்:
தம்பி, மொதல்ல அட்வான்ஸ நிப்பாட்டுங்க. நான் வெளி ஒர்க்‌ஷாப்ல இந்த மாதிரி வண்டிதான் பாக்குதேன், அதனால விவரமாவே சொல்லுதேன்.

வண்டி ஒசரத்த ஏத்தி எறக்குற பட்டன் டேஷ்போர்டுல இருக்கான்னு பாருங்க. இருந்தா ஏர் சஸ்பென்ஷன், அதாவது ஸ்பிரிங்குக்கு பதிலா காத்தடைச்ச ரப்பர் பலூன், இல்லன்னா சாதா ஸ்பிரிங்கு, பாதி கவலை அங்கனயே போச்சு. ஏர்னா கதை வேற. அந்த ரப்பர் பலூன் வயசாக ஆக மடிப்புல விரிசல் விடும், மொதல்ல ரொம்ப பைய தான் லீக் ஆவும், ஓட்டுறவங்களுக்கு தெரியாது, ஆனா போற காத்த நிரப்ப கம்ப்ரஸர் ஓடிக்கிட்டே கெடக்கும், அது சூடாயி ஒரு நாள் நின்னுரும், சில நேரம் ரிலே ஒட்டிக்கிட்டு நிக்காமலே ஓடி கருகும். அப்ப என்ன செய்யுதாவன்னா கம்ப்ரஸர மட்டும் மாத்தி வண்டிய தள்ளி விட்டுருதாவ. லீக் அப்படியே இருக்கும்லா, புது கம்ப்ரஸரும் அதே வழில போவும். முன்னாடி பலூனும் ஷாக்கும் சேந்து ஒரே சாமான், அதான் காசு புடிக்கும், பின்னாடி பலூன் தனி, ஷாக் தனி.

இத செக் பண்ண நல்ல வழி, சாயங்காலம் சமதரைல நிப்பாட்டி நாலு வீல்லயும் நடு வீல்ல இருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் டேப் வச்சு அளந்து எழுதிக்கிடுங்க, ராத்திரி கதவ தொறக்காதீங்க, காலைல ஸ்டார்ட் பண்ணுறதுக்கு முன்ன திரும்ப அளங்க. ஒரு மூலை மட்டும் எறங்கிருந்தா அங்க லீக் இருக்கு.

அடுத்து இன்ஜின். அந்த 3 லிட்டர் வி6 டீசல் நல்ல இன்ஜின், டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான், ஒழுங்கா ஆயில் மாத்துனா நெறைய ஓடும். ஆனா ஆயில் கூலர் ரெண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுப்பள்ளத்துல உக்காந்திருக்கு, அதுக்கு அடில உள்ள சீல் சூட்டுல இறுகி ஆயில் கசியும், பள்ளத்துல தேங்கி பின்பக்கமா வழிஞ்சு கியர்பாக்ஸ் சேருற எடத்துல சொட்டும். விவரம் தெரியாதவங்க கிராங்க் ஷாஃப்ட்டோட பின்பக்க சீல்னு சொல்லி கியர்பாக்ஸ எறக்கிருவாவ, லீக் நிக்காது. சீல் விலை ஒண்ணுமில்ல, டர்போ, இன்டேக் மேனிஃபோல்டு எல்லாம் கழட்டுனாத்தான் கை போவும், லேபர் தான் செலவு. புது சீல் வேற மெட்டீரியல்ல வருது, அத கேட்டு வாங்கிப் போட்டா நிக்கும். டர்போ வாய்ல உள்ள சீலையும் அப்பவே மாத்திரணும், அது கசிஞ்சா கீழ இருக்க, உள்ள போற காத்த சுழட்டுற ஸ்விர்ல் மோட்டார்ல ஆயில் விழுந்து செக் லைட் வரும்.

7 கியர் பாக்ஸ்ல, கியர் மாத்துறத கவனிக்கிற எலக்ட்ரானிக் பிளேட் பாக்ஸுக்கு உள்ளேயே ஆயில்ல கெடக்கு, அதுல ஸ்பீடு சென்சார் போனா வண்டி ஒரே கியர்ல மாட்டிக்கிடும். பிளேட்ட மாத்துனா மட்டும் போதாது, வண்டிக்கு புரோகிராம் பண்ணணும், அதுக்கு மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ டோ பண்ணத்தான் வேண்டிருக்கு.

முத்துநகர் செல்வி:
தம்பி, வண்டி இவ்ளோ நாளும் எங்கன நின்னுச்சுன்னு கேட்டீங்களா? 2023 டிசம்பர் 17, 18 மழைல காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பேஞ்சுது, தூத்துக்குடி, ஸ்ரீவைகுண்டம், நெல்லை ஜங்ஷன் பக்கம்லாம் கார் கார்-ஆ முங்கிச்சு, அதுல எத்தனையோ வண்டிய கழுவி காயவச்சு வித்துருக்காவ. டெல்லி நம்பர்ங்கறதால மழைல நனையலன்னு நெனச்சிராதீங்க, அதுக்கு முன்னாடியே இங்க வந்திருந்தா? இந்த மாடல்ல பேட்டரி முன் சீட்டுக்கு அடிலதான் இருக்கு, சீட்ட பின்னாடி தள்ளி கார்பெட்ட தூக்கிப் பாருங்க, அடி ஸ்பான்ஜ் ஈரமா, போல்ட்டு துருப்புடிச்சிருக்கா, ஒயர் கனெக்டர்ல பச்சை பூத்திருக்கான்னு. சீட்பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்தா மண் கோடு தெரியும். என் தங்கச்சி வீட்ல ஒரு செடான்ல இத பாக்காம விட்டு இன்னைக்கு வரைக்கும் ஏதாவது ஒரு லைட் எரிஞ்சுகிட்டே இருக்கு, பாவம் பிள்ளைங்கள கூட்டிட்டு நைட்ல ஓட்டவே பயப்படுதா.

அம்பை ரோடு:
நான் இதே சைஸ்ல ஒரு ஜெர்மன் எஸ்யூவி ரொம்ப வருஷமா வச்சிருக்கேன், எனக்கு அதுல முழு திருப்தி, பயமுறுத்துறதுக்கு எழுதல. ஒண்ணு மட்டும் மனசுல வையிங்க, நீங்க வாங்குற வெல ஒன்பதரையா இருக்கலாம், ஸ்பேர் சாமான் மட்டும் புது பென்ஸுக்கு விக்கிற அதே வெலதான். டயர் 255 அகலம், நாலையும் ஒண்ணா மாத்தணும், ஃபோர் வீல் டிரைவுக்கு ஒரு டயர் புதுசு மூணு பழசுன்னா உள்ள லோடு ஏறும். ஆயில் மாத்தும்போது எட்டு லிட்டருக்கு மேல புடிக்கும், கையேட்டுல போட்டிருக்க கிரேடுதான் ஊத்தணும். டவுனுக்குள்ள 7, 8 மைலேஜ், நாலுவழில 11 கிடைச்சா சந்தோஷம். தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் 1500 சிசிக்கு மேல எல்லாத்துக்கும் ஒண்ணுதான், 2022-ல போட்ட ரேட்டு 7,897 ரூபாயும் வரியும்.

பேப்பர் வேலைய புரோக்கர் வாய்ல விடாதீங்க. டெல்லில 10 வருஷம் தாண்டுன டீசலுக்கு கெடுபிடி இருந்துச்சு, அதான் அங்க இருந்து மலிவா வந்துச்சு. டெல்லி ஆர்டிஓ-ல என்ஓசி (தடையில்லா சான்று) வாங்கி, இங்க லைஃப் டாக்ஸ் கட்டி டிஎன் நம்பர் ஆக்கணும், அந்த டாக்ஸ் வண்டியோட அசல் வெலையையும் வயசையும் வச்சு போடுவாவ, ஒன்பதரை லட்சத்த வச்சு இல்ல. 2011 வண்டின்னா 15 வருஷ கணக்கையும் பாக்கணும், அது தாண்டுனா ஆர்சி புதுப்பிக்க தனி கட்டணம், எஃப்சி வேற. எல்லாத்தையும் ஆர்டிஓ ஆபிஸ்ல கேட்டு எழுதிக்கிட்டு வெலைல கழிங்க.

என் கணக்கு, வண்டி வெலைல மூணுல ஒரு பங்கு தனியா பேங்க்ல கெடக்கணும், முதல் வருஷத்துக்கு அத தொடுவோம்னு நெனச்சே வாங்கணும். அது இல்லன்னா இன்னோவாதான், ராதாபுரம் ரோட்டுல நின்னாலும் ஆள் கெடைப்பாங்க.

பாளைக்காரன்:
ரொம்ப நன்றி. பட்டன் இருக்கு, ஏர் தான். ராத்திரி வண்டிய நம்ம வீட்ல விட்டு காலைல அளக்கணும்னு கேட்டேன், புரோக்கர் முடியாதுங்காரு, வேணும்னா வண்ணாரப்பேட்டைலயே வந்து பாருங்கங்காரு. சித்தப்பா இன்னும் யோசிக்காவ.

வல்லியூர் டீசல்:
அங்கேயே அளக்கலாம் தம்பி, தப்பில்ல. சாயங்காலம் அளந்துட்டு அவரு சாவி உங்க கைல குடுக்கட்டும், காலைல ஆறு மணிக்கு நீங்க போய் அளங்க, வேற யாரும் முன்னாடி ஸ்டார்ட் பண்ணிரக்கூடாது, பண்ணுனா ஒரு நிமிஷத்துல தூக்கிரும். சாவி தர மாட்டேன்னா வண்டிய விட்ருங்க. தந்தா அந்த காலைல ஃபோன்ல வீடியோ எடுத்து இங்க போடுங்க, கோல்டு ஸ்டார்ட் சத்தமும் கேக்கணும். ஸ்கேனர் மாட்டி கோளாறு பாக்க நான் ஞாயித்துக்கிழமை பாளை பக்கம் வாரேன்.