முதல் லோகோவுக்குக் கருத்துச் சொன்ன அனுபவங்கள்: மியூசிக் ஸ்டுடியோ

வடபழனி டிசைனர்:
சாலிகிராமத்தில் மாடியில் ஒரு சின்ன ரெக்கார்டிங் ஸ்டுடியோ, அதற்கு லோகோ. செய்தவன் நண்பரின் தம்பி, மென்பொருள் கற்க ஆரம்பித்து மூன்று மாதம். ஹெட்ஃபோன், அதற்குள் மைக், மைக்குக்குள் ஒலி அலை, கீழே கிடார், எல்லாவற்றுக்கும் ஒரு நிறம் இன்னொன்றாகக் கரைகிற கிரேடியன்ட். இந்த வகையை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் எதுவும் பேசாமல் அதை என் வாட்ஸ்அப் டிபியாக வைத்து அவனிடமே ஃபோனை நீட்டினேன். "என்ன தெரியுது?" "ஒண்ணும் தெரியலண்ணா" என்றான். லேப்டாப்பை மெதுவாகப் பாதி மூடினான்.

சின்ன அளவில் எதுவும் தெரியாது என்று காட்டியது சரிதான், இன்றைக்கும் அதையேதான் செய்வேன். ஆனால் போன வாரம் ஸ்டுடியோக்காரர் சொல்லித்தான் தெரிந்தது: அந்த அலை சும்மா வரைந்ததில்லை. ஸ்டுடியோ திறந்த அன்று மைக் சோதிக்க அவர் மகள் "அப்பா, கேக்குதா?" என்று பேசியிருக்கிறாள். பையன் அந்தப் பதிவைத் திறந்து, திரையில் தெரிந்த அலையை மேடு மேடாக ட்ரேஸ் செய்திருக்கிறான். இது என்ன அலை என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திருச்சி ஃப்ளெக்ஸ் கடை:
லோகோ எங்களிடம் வருவது கடைசியில்தான், எல்லோரும் பாராட்டி முடித்த பிறகு. ஒரு பையன் 10க்கு 4 அடி போர்டுக்கு வாட்ஸ்அப்பில் ஃபோட்டோவாக வந்த ஜேபெக் படத்தைக் கொடுத்தான், அவ்வளவு பெரிதாக்கினால் உடைந்துவிடும். கோரல் டிரா மென்பொருளில் உட்கார்ந்து நானே கோடு கோடாக மறுபடி போட்டேன், அது பெரிய விஷயமில்லை. பின்னணி முழுக்க நியான் ஊதா. திரையில் ஒளியாகத் தெரிகிற அந்த நிறம் நான்கு மையில் வராது என்று முன்பே சொன்னேன், அவனுக்குப் புரியவில்லை. மெஷினிலிருந்து ஃப்ளெக்ஸ் இறங்க இறங்க, ஃபோனைப் பக்கத்தில் பிடித்து வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தான். மங்கிய கத்தரிக்காய் நிறம். பணம் கொடுத்துவிட்டுப் போனான், அப்புறம் கடைப் பக்கம் வரவே இல்லை. சின்னதாக ஒரு துண்டு சாம்பிள் ஓட்டிக் காட்டியிருக்கலாம். ஐந்து நிமிட வேலை.

வீணை டீச்சர், மயிலாப்பூர்:
வடபழனித் தம்பி, சின்னதாக்கிக் காட்டியதில் தப்பே இல்லை. எனக்கு வருத்தம் வேறு. நாங்கள் பதிவு செய்கிற ஸ்டுடியோவுக்கு ஒரு பெண் வீணையை வைத்து லோகோ போட்டாள். கோடெல்லாம் அவ்வளவு அழகு. ஆனால் குடம், அதாவது பெரிய உருண்டைப் பகுதி, வலப்பக்கம்; மறுமுனையில் இருக்கிற யாளி முகம் இடப்பக்கம். எதிரே உட்கார்ந்து பார்ப்பவருக்குக் குடம் இடப்பக்கம்தானே தெரியும்? எழுத்துக்குப் பக்கத்தில் பொருந்தவில்லை என்று படத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறாள். "யாரும் கவனிக்க மாட்டாங்க மேடம்" என்றாள். நான் என் வீணையை எடுத்து மடியில் வைத்து, இடது கையைக் குடத்தின் மேல் கொண்டுபோய், "இப்படியா வாசிக்கறது?" என்று கேட்டேன். அவள் முகம் சிவந்துவிட்டது. தந்திக்கு அடியில் வரிசையாக இருக்கிற 24 மெட்டுக் கட்டைகளையும் வரைய வேண்டாம், சின்ன லோகோவில் அடைத்துக்கொள்ளும், நாலைந்து கோடு போதும். பக்கம் மட்டும் மாறக் கூடாது. மாற்றிக் கொடுத்தாள், ஆனால் அதற்குப் பிறகு என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

கோவை, 15 வருட அனுபவம்:
வீணை டீச்சர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. லோகோ பாடப்புத்தகப் படம் இல்லை, வடிவத்துக்காகத் திருப்பினால் திருப்பியதுதான். என் முதல் லோகோ ஒரு ட்ரெபிள் க்ளெஃப், மேற்கத்திய இசைக்குறிப்பின் தொடக்கத்தில் வருகிற அந்தச் சுழி. "நோட்டு அட்டை மாதிரி இருக்கு" என்றார் சீனியர், அவ்வளவுதான் சொன்னார், ஒரு மாதம் தூங்கவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். நிறத்தைத் தொடாதீர்கள். முதலில் வெறும் கறுப்பில் போடுங்கள், கறுப்பில் நிற்காதது நிறத்திலும் நிற்காது. அந்த ஸ்டுடியோவில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள்: டப்பிங்கா, பக்திப் பாட்டா, கீபோர்டு வகுப்பா? டப்பிங் மட்டும் நடக்கிற இடத்துக்குக் கிடார் எதற்கு? அப்புறம் தமிழ் எழுத்து. ஸ்டுடியோ பெயரைத் தமிழில் போட்டால் புள்ளிதான் முதலில் காணாமல் போகும். ஞ, ணை போன்றவற்றின் உள்சுழி சின்ன அளவில் மையால் அடைந்துவிடும். ஆங்கில எழுத்து தடிமனாகவும் தமிழ் ஒல்லியாகவும் நின்றால் இரண்டு கடை போர்டை ஒட்ட வைத்தது போல இருக்கும். பலூ தம்பி, முக்தா மலர், மீரா இனிமை ஆகிய தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் இலவசம், உரிமப் பிரச்சினை கிடையாது, அவற்றில் ஆரம்பித்து எழுத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளலாம். பத்து ஸ்கெட்ச் காகிதத்தில் போட்ட பிறகு கம்ப்யூட்டரைத் தொடுங்கள். கருத்துச் சொல்கிறவர்களுக்கும் ஒன்று: மவுஸைப் பிடுங்காதீர்கள்.

சேலம், இரண்டாம் வருடம்:
கோவை அண்ணா, இங்கே யாரும் டிப்ஸ் கேட்கவில்லையே. என் கதை வேறு. ஸ்டுடியோ வைத்திருக்கிற நண்பனுக்கு நான் போட்ட லோகோவை எல்லோரும் "சூப்பர்" என்றார்கள். ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. விசிட்டிங் கார்டு அடித்தாயிற்று. ஒரு நாள் அங்கே இருந்த சவுண்டு இன்ஜினியர் வந்தவரிடம் கார்டைக் கொடுக்கும்போது கட்டைவிரலால் படத்தை மறைத்து, பெயரும் நம்பரும் மட்டும் தெரிகிற மாதிரி நீட்டினார். தெரிந்து செய்தாரா என்று தெரியாது. வடபழனி அண்ணன் மாதிரி யாராவது ஃபோனை நீட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வடபழனி டிசைனர்:
நேற்று அவனுக்கு ஃபோன் செய்தேன். அந்த அலையை மட்டும் தனியாக, ஒரே நிறத்தில் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். கோப்பை அன்றைக்கே அழித்துவிட்டானாம். ஆனால் அந்தக் குழந்தை பேசிய பதிவு ஸ்டுடியோவில் அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போகிறோம்.