புதுப்பிப்பு: ஃபால்ட் குண்டுக் கிடங்கு, என் பழைய இழையில் ஒரு திருத்தம்

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் 1944 நவம்பர் 27 அன்று வெடித்த ஃபால்ட் நிலத்தடிக் குண்டுக் கிடங்கைப் பற்றி முன்பு இங்கே எழுதியிருந்தேன். 'அதோடு கிடங்கின் கதை முடிந்தது' என்று அதில் முடித்திருந்தேன். அது தப்பு. மிஞ்சிய பகுதியை பிரிட்டிஷ் விமானப்படை 1966 வரை பயன்படுத்தியது. அப்புறம் பிரான்ஸிலிருந்து வெளியேற வேண்டிவந்த அமெரிக்க ராணுவம் 1973 வரை தன் வெடிபொருள் சரக்கை அங்கேதான் வைத்தது. இத்தனை நடந்த இடத்திலேயா என்று எனக்கு இன்னும் வியப்புதான்.

சுரங்கத்தைக் குண்டுக்காகத் தோண்டினார்களா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, அது பழைய ஜிப்சம் சுரங்கம்.

காரணம்? பழுதான குண்டிலிருந்து வெடிதூண்டியைக் கழற்ற மரக்கட்டையைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. யாரோ பித்தளை உளியை வைத்துத் தட்டியிருக்கிறார்கள் என்பதே 1974-ல் வெளியான விளக்கம். ஓர் உளி, ஒரு பொறி. கிட்டத்தட்ட 4,000 டன் வெடிபொருள் போனது. சுமார் 70 பேர் இறந்தார்கள். மேலே இருந்த பண்ணை வீடு சுவடில்லாமல் மறைந்தது.

பள்ளம் இப்போதும் இருக்கிறது: சுமார் 30 மீட்டர் ஆழம், உள்ளே மரங்கள். சுற்றிலும் வேலி, வெடிக்காத குண்டுகள் இருக்கலாம் என்ற எச்சரிக்கைப் பலகை. விளிம்புவரை நடக்கலாம், இறங்க முடியாது. சுரங்கத்துக்குள் போக வழி கேட்டவர்களுக்கும் அதே பதில்தான்.